எட்டாம் நாள் பாட்டு

வெள்ளிப் பாத்திரம் சேர்ப்பவளை ஊர் மெச்சும். பட்டுப் புடவை சேர்ப்பவளைப் பார்த்துப் பெருமூச்சு விடும். "நான் பாட்டுச் சேர்க்கிறேன்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள்! "அதை வெச்சுண்டு என்ன பண்ணப் போறே?" என்றுதான் கேட்பார்கள். என்னைக் கேட்காத உறவு இல்லை. அதிலும் எல்லாருடைய பாட்டும் இல்லை, முத்துசுவாமி தீட்சிதர் பாட்டு மட்டும்தான் என்று சொன்னால், ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

எங்கள் வீட்டு மர பீரோவின் கீழ்த்தட்டு முழுக்க அவர்தான். 17 இசைத்தட்டுகள், 140 காஸெட்டுகள், அதற்கப்புறம் வந்த சி.டி. ஒரு அடுக்கு, நீளக் கணக்கு நோட்டு இரண்டு. மேல்தட்டில் என் புடவைகள். "ரெண்டு தட்டிலேயும் எது ஜாஸ்தி?" என்று இவர் கேலி செய்வதுண்டு. கீழ்த்தட்டுதான், சந்தேகமே இல்லை.

தீட்சிதரைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1775-ல் திருவாரூரில் பிறந்தவர். வாலிபத்தில் குருவோடு காசியில் சில வருஷம் இருந்துவிட்டு வந்து, கோயில் கோயிலாகப் போய்ப் பாடினார். 1835-ல் எட்டயபுரத்தில், தீபாவளித் திருநாளன்று மறைந்தார். நானூறுக்கும் மேல் கிருதிகள் அவர் பெயரில் இருக்கின்றன. பெரும்பாலும் ஸம்ஸ்கிருதம். நடை நிதானம். "ஆழித்தேர் வீதி திரும்பற மாதிரிடீ, அவசரப்பட்டா முட்டிண்டு நிக்கும்" என்பார் என் மாமியார்.

அந்த நிதானம்தான் சேகரிப்பவர்களுக்கு முதல் தொல்லை. பழைய 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிஷத்துக்கு மேல் ஏறாது. தீட்சிதர் கிருதியை அதற்குரிய காலத்தில் பாடினால் பத்து நிமிஷத்துக்குக் குறையாது. தேரைக் கொண்டுபோய் மாட்டுக் கொட்டகையில் நிறுத்த முடியுமா? ஒன்று, சரணத்தை விட்டுவிடுவார்கள்; இல்லையென்றால் ஓட்டமாக ஓட்டிவிடுவார்கள். ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷம் கொள்ளும் எல்.பி. தட்டு வந்த பிறகுதான் இந்தப் பாட்டுக்களுக்கு மூச்சு விட இடம் கிடைத்தது. அதனால் பழைய தட்டுக் கிடைத்தால் ஆகா என்று குதிக்க வேண்டியதில்லை. பாட்டு முழுசாக இருக்கிறதா என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிறந்த வீட்டுச் சீதனம் இல்லை. எங்கள் வீட்டில் சிலோன் ரேடியோவும் சினிமாப் பாட்டும்தான். 1974-ல் கல்யாணமாகிக் கும்பகோணத்துக்கு வந்தேன். என் மாமியார் திருவாரூர்க்காரர். மேடை ஏறியவர் அல்ல. கச்சேரி செய்தவர் அல்ல. பத்து வயசிலிருந்து கல்யாணமாகும் வரை தெற்கு வீதியில் ஒரு வாத்தியாரிடம் பாட்டுக் கற்றுக்கொண்டார், அவ்வளவுதான். அதற்கப்புறம் கேட்டது அடுப்பும் கொலுப்படியும்தான்.

வருஷம் முழுவதும் வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டிருப்பவர், நவராத்திரி வந்தால் மட்டும் குரலை விட்டுப் பாடுவார். தினம் ஒன்றாகக் கமலாம்பா நவாவரணம். திருவாரூர்த் தியாகராஜர் கோயிலில், யோக ஆசனத்தில் அமர்ந்திருக்கும் கமலாம்பாள் மேல் தீட்சிதர் செய்தது. முதலில் தோடியில் தியானம். பிறகு ஒன்பது ஆவரணத்துக்கு ஒன்பது கிருதி. கடைசியில் ஸ்ரீ ராகத்தில் மங்களம். ஆக மொத்தம் பதினொன்று. ஆனந்தபைரவி, கல்யாணி, சங்கராபரணம், காம்போதி, பைரவி, புன்னாகவராளி, சஹானா, கண்டா, ஆஹிரி என்று ஒன்பது நாளும் ஒன்பது ராகம். இதில் இலக்கண வேடிக்கை ஒன்றும் உண்டு. முதல் நாள் முதல் வேற்றுமை, இரண்டாம் நாள் இரண்டாம் வேற்றுமை என்று வரிசையாக வந்து, எட்டாம் நாள் அம்மனை விளிக்கும் வேற்றுமை வரும். ஒன்பதாம் நாள் எல்லா வேற்றுமையும் சேர்ந்து வரும். பள்ளிக்கூடத்தில் வேற்றுமை உருபு மனப்பாடம் செய்ய அழுத எனக்கு, அதை வைத்தே ஒருவர் இப்படிக் கோத்திருக்கிறார் என்று தெரிந்தபோது ஆச்சரியமாக இருந்தது.

ஆஹிரியைப் பற்றி ஒரு பேச்சு உண்டு, கேட்டிருப்பீர்கள். காலையில் ஆஹிரி பாடினால் அன்றைக்குச் சோறு கிடைக்காதாம்! என் மாமியார் ஒன்பதாம் நாள் காலையிலேயே, அரிசி களையும்போதே பாடிவிடுவார். "சமைக்கிறவளே பாடினா எப்படிக் கிடைக்காமல் போகும்?" என்று ஒரு சிரிப்பு.

பன்னிரண்டு நவராத்திரி இப்படிப் போயிற்று. கேட்டுக் கேட்டு எனக்கும் மெட்டுகள் காதில் ஏறின. ஏழெட்டைச் சுமாராகப் பாடவும் வந்தது. ஆனால் கண்டாவையும் ஆஹிரியையும் நான் தொட்டதில்லை. கண்டா ராகம் அப்படி. புன்னாகவராளி மாதிரி இருக்கும், தன்யாசி மாதிரி இருக்கும், பிடிக்கப் போனால் நழுவும்.

1986 ஆடி மாதம் ஒரு காலை வேளை. மாமியார் காபி டம்ளரை வாங்கக் கை நீட்டினார், கை வரவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பக்கவாதம். வலது கை, வலது கால் விழுந்துவிட்டன. அதைவிடக் கொடுமை, பேச்சுப் போய்விட்டது. நாம் சொல்வது அவருக்குப் புரிந்தது. அவர் சொல்ல நினைத்தது வாய்க்கு வரவில்லை. தண்ணீர் வேண்டும் என்பதைக்கூடக் கேட்க முடியாமல் கண்ணில் நீர் விடுவார். மூளையின் இடது பக்கம் அடிபட்டால் வலது பக்கத்து உடம்பும், பெரும்பாலோருக்குப் பேச்சும் போகும் என்று டாக்டர் விளக்கினார்.

(இங்கே ஒரு வார்த்தை. முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை துவளுவது, பேச்சுக் குழறுவது, இந்த மூன்றில் எது திடீரென்று வந்தாலும் எண்ணெய் தேய்த்து, கஷாயம் கொடுத்துப் பார்க்கலாம் என்று உட்காராதீர்கள். விழுங்க முடியாத நிலையில் வாயில் எதையும் ஊற்றவும் கூடாது. ரத்தக்கட்டியால் வந்ததானால், அதைக் கரைக்கும் மருந்து இன்று இருக்கிறது. அதை நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று குறித்துக்கொண்டு, ஸ்கேன் வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு நேராக ஓடுங்கள். எங்கள் காலத்தில் அந்த மருந்து இல்லை.)

அந்த வருஷம் கொலு வைப்பதா வேண்டாமா என்று யோசித்து, மூன்றே படி வைத்தோம். முதல் நாள் சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு, எனக்குத் தெரிந்த வரையில் ஆனந்தபைரவியை நான் ஆரம்பித்தேன். பல்லவி இரண்டாம் தடவை போகும்போது கட்டிலிலிருந்து இன்னொரு குரல். மாமியார்! "தண்ணி" என்று சொல்ல வராதவர், ஸம்ஸ்கிருத வார்த்தைகளைக் கொஞ்சம் கொழகொழவென்று, ஆனால் வரிசை தவறாமல் பாடிக்கொண்டிருந்தார். நான் நிறுத்தினேன், அவரும் நின்றுவிட்டார். "அம்மா, பேசுங்கோ" என்றேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி பாடினேன், மறுபடி வந்தது.

மறுநாளே டாக்டரிடம் ஓடினோம். அவர் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண்மணியிடம் அனுப்பினார். அந்தப் பெண்மணி சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. இது அதிசயம் அல்ல, பலருக்கு இப்படி உண்டு. பேச்சுக்குப் பொறுப்பு இடது பக்கம் என்றால், மெட்டுக்கு வலது பக்கத்தின் துணையும் இருக்கிறது. சின்ன வயசிலிருந்து ஊறிய பாட்டு, ஸ்லோகம், கிழமைகளின் பெயர் இதெல்லாம் தானாக வரும். அதனால் பேச்சு வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பாட்டு மட்டும் மருந்தாகாது. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு ஏறிப் பார்க்கலாம். பாஸ்டன் நகரத்தில் 1970-களில் இதற்கென்றே ஒரு பயிற்சி முறை உண்டாக்கியிருக்கிறார்கள். நித்தியம் வேண்டிய சின்னச் சின்ன வார்த்தையை இரண்டே ஸ்வரத்தில் இழுத்துச் சொல்லி, இடது கையால் தட்டித் தட்டிப் பழக்க வேண்டும். "தண்...ணி", "வலிக்...கிறது" என்று தினம் இரண்டு வேளை உட்கார்ந்தோம். மற்ற நேரத்தில் அவருக்குத் தெரிந்த பாட்டுக்களைக் கேட்க வையுங்கள், மனசு சோர்ந்து போகாமல் இருக்கும் என்றும் அந்தப் பெண்மணி சொன்னார்.

கேட்க வைக்க என்னிடம் என்ன இருந்தது? என் குரல்தான். அதுவும் ஏழு பாட்டுக்கு. என் சேகரிப்பு அன்றைக்கு ஆரம்பித்தது.

மஸ்கட்டிலிருந்து என் கொழுந்தனார் வாங்கி வந்த நேஷனல் பானாசோனிக் டூ-இன்-ஒன் ஒன்று பீரோவுக்குள் துணி போர்த்தி இருந்தது. அதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு வைத்தேன். பணத்துக்கு என்ன செய்வது என்கிறீர்களா? ஆஸ்பத்திரிச் செலவுக்கு நடுவில் இவரிடம் கேட்க மனசு வரவில்லை. மாசம் 50 ரூபாய் சீட்டு ஒன்று போட்டிருந்தேன், வெள்ளிக் குத்துவிளக்கு வாங்க. அந்தச் சீட்டைத் தள்ளி எடுத்தேன். குத்துவிளக்கு பித்தளையிலேயே நின்றுவிட்டது; நன்றாகத்தான் எரிகிறது.

கடைகளில் அப்போது தீட்சிதர் பாட்டு கிடைக்காமல் இல்லை. டி.கே. பட்டம்மாள், டி.கே. ஜெயராமன், எம்.எஸ். என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். எம்.எஸ். பாடிய பிருந்தாவன சாரங்கா கிருதி இல்லாத வீடே இல்லை என்று சொல்லலாம். ஆனால் எனக்கு வேண்டியது பதினொன்றும். அதிலும் ஒவ்வொன்றும் முழுசாக. ஒரு கேஸெட்டில் கல்யாணி இருக்கும், இன்னொன்றில் காம்போதி இருக்கும். ஒரு பாட்டுக்காக ஒரு கேஸெட் வாங்க வேண்டும். வெற்றுக் கேஸெட் கொடுத்தால் பாட்டுக்களைப் பதிந்து தரும் கடைகளும் அந்த நாளில் இருந்தன. அப்படி ஒரு கடையில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். வாங்கி வந்து போட்டால் பைரவிக்குப் பதில் ஆனந்தபைரவி. அதுவும் பாதியில் நின்று, மீதியில் ஒரு சினிமா வசனம்! போய்க் கேட்டதற்கு, "ரெண்டும் பைரவிதானேம்மா" என்றார் கடைக்காரர்.

மிச்சத்தை ரேடியோதான் கொடுத்தது. திருச்சி வானொலி நிகழ்ச்சி நிரலைப் பார்த்து, பென்சிலால் கோடு போட்டு வைப்பேன். குழந்தைகள் வாயைப் பொத்திக்கொண்டு உட்காரும். குக்கரை அந்த அரை மணிக்கு ஏற்ற மாட்டேன். வீணையில் கல்பகம் சுவாமிநாதன் வாசித்தவற்றை இப்படித்தான் பிடித்தேன். வார்த்தை இல்லாத வீணைக்குத்தான் மாமியார் இன்னும் நன்றாக வார்த்தை சேர்த்துப் பாடினார். அது ஏன் என்று எனக்கு இன்றுவரை வியப்புத்தான்.

இதில் நான் எதிர்பாராத சங்கடம் ஒன்று வந்தது. எந்தக் கேஸெட் போட்டாலும் மாமியார் பாடிவிடவில்லை. சிலதைக் கேட்டு இடது கையைத் தூக்கி "வேண்டாம்" என்று ஆட்டுவார். பெயர் பெற்ற வித்வான்கள்தான் பாடியிருப்பார்கள். சொக்கத் தங்கமாக இருக்கும். ஆனாலும் அவர் கற்றுக்கொண்ட பாடாந்தரம் அது இல்லை. ஒரே கிருதிதான், ஆனால் சங்கதிகள் வேறு, எடுப்பு வேறு, சில இடத்தில் ராகத்தின் போக்கே வேறு. தீட்சிதரின் தம்பி வழியில் வந்த சுப்பராம தீட்சிதர் 1904-ல் எட்டயபுரத்திலிருந்து 'சங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி' என்று பெரிய புத்தகம் போட்டு, தீட்சிதர் கிருதிகள் 229-ஐ ஸ்வரத்தோடு எழுதி வைத்திருக்கிறார். அவருடைய பிள்ளை அம்பி தீட்சிதரிடம் பாடம் கேட்டவர் டி.கே. பட்டம்மாள். இப்படி ஒரு வழி இருக்கிறது. ஆனால் வாய்வழியாக வேறு வேறு ஊரில், வேறு வேறு வீட்டில் வந்த வழிகளும் இருக்கின்றனவே! என் மாமியாருக்குத் தெற்கு வீதி வாத்தியார் வழிதான் வழி.

ஐந்து மாதப் பயிற்சிக்குப் பிறகு அவர் வாயிலிருந்து தெளிவாக வந்த முதல் சொல் என்ன தெரியுமா? "தண்ணி" இல்லை, என் பெயர் இல்லை, பிள்ளை பெயரும் இல்லை. ஒரு புதுக் கேஸெட்டைப் போட்டு, ஒருவர் சஹானாவை ஓட ஓட விரட்டிக்கொண்டிருந்தார். கட்டிலிலிருந்து, "போறும்!" என்று ஒரு குரல். நாங்கள் எல்லாரும் சிரித்தோம், அழுதோம். அந்தக் கேஸெட்டை நான் வீசி எறியவில்லை, வைத்திருக்கிறேன்.

அதற்கப்புறம்தான் கணக்கு நோட்டுப் போட்டேன். பாட்டு, ராகம், தாளம், பாடியவர், எங்கே எப்போது பதிந்தது, எத்தனை நிமிஷம் என்று பத்தி பிரித்து எழுதினேன். கடைசிப் பத்திக்கு "அம்மா" என்று தலைப்பு. அவர் கூடப் பாடினால் ஒரு டிக். கையை ஆட்டினால் ஒரு குறுக்குக் கோடு. இந்த நோட்டைப் பார்த்த சங்கீதம் தெரிந்த ஒருவர், ஒரு பாடாந்தரத்தை இப்படியும் தேடிக் கண்டுபிடிக்கலாமா என்று வியந்தார். எனக்கு அது ஆராய்ச்சியாகத் தோன்றவில்லை. குழந்தைக்கு எந்தச் சாதம் பிடிக்கிறது என்று பார்க்கிற மாதிரிதான்.

1988 முடிவதற்குள் பத்துக்கு டிக் விழுந்துவிட்டது. கண்டா மட்டும் பாக்கி. கடையில் கிடைத்த ஒன்றுக்குக் கையை ஆட்டிவிட்டார். அந்த வருஷ நவராத்திரியில் ரேடியோவில் கண்டா வந்தது. பல்லவி முடிந்து அனுபல்லவி எடுக்கும் சமயம் கரண்ட் போயிற்று! டூ-இன்-ஒன்னில் பேட்டரி இல்லை. எழுதிப் போட்டுக் கேட்டேன், பதில் வரவில்லை. அதைவிட எனக்கு வருத்தம், அந்த ஒரு நிமிஷத்தில் மாமியாரின் இடது கை போர்வை மேல் தாளம் போட ஆரம்பித்திருந்தது.

விடுவேனா? மாமியாரின் பாட்டு நோட்டை எடுத்தேன். வெறும் சாகித்யம்தான், ஸ்வரம் இல்லை. முதல் பக்கத்தில் வாத்தியார் பெயர் இருந்தது. அவர் காலமாகி எத்தனையோ வருஷம். கும்பகோணத்திலிருந்து திருவாரூருக்குப் பஸ் ஏறி, தெற்கு வீதியில் வயசானவர்கள் இருக்கும் வீடாகப் பார்த்துத் திண்ணை திண்ணையாக விசாரித்தேன். மூன்று தடவை போனேன். மூன்றாம் தடவை ஒரு பாட்டி சொன்னார்: அவரிடம் கற்றுக்கொண்ட ஒரு பெண் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்து ரிடையராகி மாயவரத்தில் இருக்கிறாள் என்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே டூ-இன்-ஒன்னைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு மாயவரம் போனேன். இந்தத் தடவை மறக்காமல் ஆறு பேட்டரியும் போட்டுக்கொண்டேன்.

எழுபது வயசுக்கு மேல் இருக்கும் அந்த மாமிக்கு. சங்கதி சொன்னேன். "எட்டாவதா? அதை யாரும் கேக்கறதே இல்லையே" என்றார். சுருதிப் பெட்டியைப் பேத்தி போட, கண்ணை மூடிக்கொண்டு பதினோரு நிமிஷம் பாடினார். நடுவில் தெருவில் ஒருவன் கோலமாவு விற்றுக்கொண்டு போனான். நிறுத்திவிட்டு மறுபடி பாடச் சொல்லலாம் என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்துப் பேசாமல் இருந்துவிட்டேன்.

அன்று ராத்திரி சாப்பாடு முடிந்து, மாமியாரைச் சாய்த்து உட்கார வைத்துப் போட்டேன். ஆரம்பத்தில் அசையவில்லை. அனுபல்லவியில் கை தாளத்துக்கு வந்தது. சரணத்தில் குரல் வந்தது. முழுக்கப் பாடவில்லை, அங்கங்கே. பாட்டு முடிந்ததும் தலையை ஆட்டினார், "இல்லை" என்று. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. "அம்மா, இது உங்க வாத்தியார் பாட்டும்மா" என்றேன். அவர் இடது கையைக் காட்டி மறுபடி போடச் சொன்னார். சரணத்தில் ஒரு இடம் வந்தபோது விரலைத் தூக்கி நிறுத்தச் சொல்லிவிட்டு, அந்த ஒரே இடத்தை வேறு மாதிரி, மேலே போகாமல் வளைந்து கீழே இறங்கிப் பாடிக் காட்டினார். டீச்சர் அதை எடுத்துப் பாடியது வேறு. ஒரே வாத்தியாரின் இரண்டு சிஷ்யைகள்! யார் சரி என்று வாத்தியார் வந்துதான் சொல்ல வேண்டும்.

எனக்கு அப்போது தோன்றியது ஒரே விஷயம்தான். கேஸெட்டைத் திருப்பிப் போட்டு, சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். "அம்மா, இன்னொரு தரம்" என்றேன். பாடினார். நாற்பது விநாடி இருக்கும். அவர் குரலாக எங்கள் வீட்டில் இருப்பது அந்த நாற்பது விநாடி ஒன்றுதான். அவ்வளவு வருஷம் பாடியவரை, குரல் நன்றாக இருந்த நாளில் பதிந்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை. டூ-இன்-ஒன் பீரோவுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. 1991-ல் அவர் போனார். கடைசி வரை பேச்சு என்று பார்த்தால் இருபது வார்த்தை இருக்கலாம். பாட்டு பதினொன்றும் இருந்தது.

சேகரிப்பது அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. நவக்கிரகக் கிருதிகள், பஞ்சலிங்கக் கிருதிகள் என்று வரிசையாக ஆசை வந்தது. இங்கிலீஷ் பாண்டு மெட்டுக்களுக்குத் தீட்சிதர் வார்த்தை போட்ட நோட்டு ஸ்வரங்கள் இருக்கின்றன, தெரியுமோ? சின்னக் குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது பாட அதைப் போல ஒன்று கிடையாது. இரண்டு நிமிஷம்தான், துள்ளிக்கொண்டு போகும். கமகம் அவ்வளவு கிடையாது என்பதால் மூன்று வயசுக் குழந்தைகூடப் பிடித்துக்கொண்டுவிடும். என் பேத்தி இட்லி விழுங்கியதெல்லாம் அதற்குத்தான்.

இன்றைக்கு ஃபோனில் பெயரைத் தட்டினால் பதினொன்றும் வந்து கொட்டுகிறது, ஒவ்வொன்றையும் பத்துப் பேர் பாடி. நல்ல காரியம்தான், நான் பட்ட பாடு யாரும் பட வேண்டாம். ஆனால் யார் பாடியது, எந்த வருஷம், யாரிடம் கற்றது என்ற விவரம் பாதிக்கு மேல் இருக்காது. இன்று இருப்பது நாளைக்கு எடுக்கப்பட்டுவிடும். உங்கள் பாட்டியின் பாட்டு அதில் இருக்கவே இருக்காது. அதனால் வீட்டில் பழைய கேஸெட் இருந்தால் குப்பைக்காரனுக்குப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

கேஸெட்டை எடுத்ததும் பிளேயரில் திணிக்காதீர்கள். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தால் போடவே கூடாது. பிளேயரும் கெடும், அடுத்த கேஸெட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும். அதைத் தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். நன்றாக இருந்தால், முதுகுப் பக்கத்தில் இரண்டு ஓரத்திலும் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் தகட்டை உடைத்துவிடுங்கள். தவறிப்போய்ப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் பாட்டு அழியாது. தளர்ந்த நாடாவைப் பென்சிலை விட்டுச் சுற்றி இறுக்கி, ஒரு தடவை முன்னும் பின்னும் ஓட்டிவிட்டுப் போடுங்கள். பிளேயரின் தலையையும் ரப்பர் உருளையையும் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். தலைக்கு ஸ்பிரிட் தொட்ட பஞ்சு போதும். ஸ்பீக்கர், டி.வி. பக்கத்தில் கேஸெட்டை அடுக்காதீர்கள், காந்தம் ஆகாது. இசைத்தட்டைப் படுக்க வைத்து அடுக்கினால் வளைந்துவிடும். புத்தகம் மாதிரி நிமிர்த்தி வையுங்கள். மழைக்காலத்தில் மருந்துப் புட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்களைச் சேர்த்து வைத்துத் தட்டில் போடுகிறேன், செலவில்லாத வழி.

கம்ப்யூட்டருக்கு மாற்றுவதை என் பெண் செய்தாள். பெங்களூரிலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் ஒரு பை கேஸெட் எடுத்துப் போவாள். பிளேயரில் ஹெட்ஃபோன் குத்துகிற துளையிலிருந்து ஒயர் கொடுத்து கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். பாட்டு ஓடுகிற நேரம் முழுக்க அதுவும் ஓடும், குறுக்கு வழி கிடையாது. இடம் மிச்சம் பிடிக்க எம்.பி.3-ஆகச் சுருக்காமல், முழு அளவில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளச் சொல்கிறாள். ஒரே இடத்தில் வைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் ஒன்று, அவள் வீட்டில் ஒன்று. என் கணக்கு நோட்டையும் அப்படியே அடித்து ஏற்றிவிட்டாள், "அம்மா" பத்தி உள்பட. இரைச்சலைக் குறைக்கும் வசதி ஒன்று இருக்கிறதாம். கண்டாவில் கோலமாவுக்காரனை எடுத்துவிடட்டுமா என்று கேட்டாள். அவன் பாட்டுக்கு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

போன வருஷம் நவராத்திரிக்கு அவள் வீட்டில் பேத்தி எட்டாம் நாள் கண்டா பாடினாள். அந்த மாயவரம் கேஸெட்டைக் கேட்டுக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டாள். சரணத்தில் அந்த இடம் வரும்போது நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டீச்சர் மாமியின் வழியில்தான் பாடினாள். முடித்ததும் கேட்டேன், கொள்ளுப்பாட்டி பாடியது ஏன் இல்லை என்று. இரண்டையும் பத்துத் தடவை போட்டுப் பார்த்தாளாம். கொள்ளுப்பாட்டியுடையது இன்னும் தொண்டையில் இறங்கவில்லையாம்.